கேம் கொம்பியூட்டரின் புரொசசரை மாற்றலாமா, விடலாமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியா என்று வன்னியில் கேம் விளையாடுகிற பிள்ளைகளும், அவர்களுக்குக் காசு கொடுக்கிற தாய் தகப்பனும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. இங்கே ஒரு பொருளைப் பிழையாக வாங்கினால் அதை மாற்ற யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போய்வர வேண்டும். ஒரு நாளும் போகும், பஸ் காசும் போகும். அதனால் வாங்க முதல் அளந்து பார்க்கிற வழிகளுக்கே இதில் கூடிய இடம் கொடுத்திருக்கிறோம். விலைகள் டொலரோடு ஏறி இறங்குவதால் அவற்றை எழுதவில்லை.

1. கேம் விளையாடேக்க லாக் அடிக்குது. புரொசசரை மாத்தினா சரிவருமோ?

லாக் என்று சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு பிரச்சினைகள் இருக்கின்றன. ஒன்று, படம் எந்த நேரமும் மெதுவாக ஓடுவது. எஃப்பிஎஸ் (செக்கனுக்கு எத்தனை படம் என்ற எண்ணிக்கை) 35, 40 என்று நிற்கும். அடுத்தது, நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற படம் திடீரென்று அரைச் செக்கன் நின்று பிறகு ஓடுவது. மற்றது, படம் வழுக்கிக்கொண்டு ஓடினாலும் நீங்கள் சுட்டது பிந்திப் படுவது, ஓடுகிற ஆள் பின்னுக்கு இழுபடுவது.

கடைசியாகச் சொன்னதற்கும் புரொசசருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது பிங், அதாவது உங்கள் மெஷினிலிருந்து சேர்வருக்குத் தகவல் போய்வர எடுக்கிற நேரம். நாங்கள் விளையாடுகிற சேர்வர் பெரும்பாலும் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறது. 4ஜி ரவுட்டரில் பின்னேரம் ஊரெல்லாம் பாவிக்கிற நேரம் பிங் ஏறி இறங்கும். ரவுட்டரை டவர் இருக்கிற பக்கத்து யன்னலோரம் வையுங்கள், வைஃபையை விட்டுக் கேபிளில் இணையுங்கள், பின்னணியில் ஓடுகிற அப்டேட்டுகளை நிறுத்துங்கள். இதற்காகப் புரொசசர் வாங்கினால் அந்தக் காசு வீண்.

முதலாவது வகை பெரும்பாலும் படத்தை வரைகிற கிராபிக்ஸ் கார்ட்டின் வேலை. நின்று நின்று ஓடுகிற வகையில்தான் புரொசசர், ராம், சூடு, ஹாட் டிஸ்க் நான்கையும் சந்தேகப்பட வேண்டும்.

2. அப்ப எது பிழையெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை இறக்கி, அதோடு வருகிற ரிவாட்யூனரையும் போடுங்கள். கிராபிக்ஸ் கார்ட் எந்தக் கம்பனியுடையதாக இருந்தாலும் வேலை செய்யும். செட்டிங்ஸில் மொனிட்டரிங் பக்கத்துக்குப் போய், கிராபிக்ஸ் கார்ட்டின் பாவனை, அதன் வெப்பம், புரொசசரின் ஒவ்வொரு திரெட்டின் (அது ஒரே நேரத்தில் ஓட்டுகிற வேலை வரிசைகளில் ஒன்று) பாவனை, புரொசசர் வேகம், புரொசசர் வெப்பம், ராம் பாவனை, எஃப்பிஎஸ், ஃபிரேம் நேரம் (ஒரு படத்துக்கு எடுக்கிற நேரம்) ஆகியவற்றைத் தெரிவுசெய்து, ஒவ்வொன்றையும் திரையில் காட்டச் சொல்லி டிக் போடுங்கள். கேம் ஓடும்போது மூலையில் இந்த எண்கள் தெரியும்.

கேமில் எஃப்பிஎஸ்ஸை மொனிட்டரின் வேகத்தோடு கட்டிவைக்கிற வி-சிங்கையும் எஃப்பிஎஸ் எல்லையையும் நிறுத்திவிட்டு, வழமையாக லாக் அடிக்கிற இடத்துக்கே போய்ப் பத்து நிமிடமாவது விளையாடுங்கள். மெனுவில் நின்று எண்களைப் பார்ப்பதில் பயனில்லை. கிராபிக்ஸ் கார்ட் 95 முதல் 99% வரை நின்றால் கார்ட்டுக்குத்தான் மூச்சு வாங்குகிறது. புதுப் புரொசசர் போட்டாலும் எஃப்பிஎஸ் அசையாது. கார்ட் 60, 70% இல் நிற்க, எஃப்பிஎஸ்ஸும் குறைவாக இருந்தால், கார்ட்டுக்கு வேலை வந்துசேரவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் புரொசசரோ ராமோதான் காரணம்.

உறுதிப்படுத்த இன்னொரு சோதனை. அதே இடத்தில் ரெசலூஷனை 1080 இலிருந்து 720 ஆகக் குறையுங்கள். படம் சின்னதானால் கார்ட்டின் சுமை குறையும், புரொசசரின் சுமை குறையாது. உதாரணத்துக்கு, டோட்டா 2 இல் பத்துப் பேரும் மோதுகிற சண்டையில் 1080 இல் 62 காட்டியது 720 இலும் 63 தான் காட்டுகிறது என்றால், தடுப்பது புரொசசர். 62 போய் 95 ஆனால், தடுப்பது கார்ட்.

3. டாஸ்க் மனேஜரில புரொசசர் 40% தான் காட்டுது. அப்ப அது காரணமில்லைத்தானே?

அந்த 40% எல்லாத் திரெட்டுகளினதும் சராசரி. 6 கோர், 12 திரெட் உள்ள புரொசசரில் ஒரு திரெட் முழுதாக நிரம்பினாலும் மொத்தக் கணக்கில் அது 8% சொச்சம்தான். கேம்கள் தங்கள் முக்கியமான வேலையை ஒன்றிரண்டு திரெட்டுகளிலேயே செய்கின்றன. அந்த ஒன்று நிரம்பினால் மற்றப் பதினொன்றும் சும்மா இருந்தாலும் படம் வேகமாக ஓடாது. விண்டோஸ் அந்த வேலையை ஒரு திரெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டும் இருக்கும். அதனால் எந்தத் திரெட்டும் 100% காட்டாமலேயே புரொசசர் தடையாக இருக்கலாம். மொத்த வீதத்தை விட்டுவிட்டு, கார்ட்டின் பாவனையையும் 720 சோதனையையும் நம்புங்கள்.

4. புரொசசருக்குக் காசு செலவழிக்க முதல் என்ன செய்து பாக்கலாம்?

புரொசசர் கேட்டு வருபவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இந்தக் கேள்விக்கான பதில்தான். முதலில் ராம். கடையில் கட்டிக்கொடுக்கிற கொம்பியூட்டர்களில் 8 ஜிபி ராம் ஒன்று மட்டும் போட்டிருப்பார்கள். ஒன்று மட்டும் இருந்தால் புரொசசருக்குத் தரவு ஒரே பாதையில்தான் வரும். அதே அளவில், அதே வேகத்தில் இன்னொன்று போட்டால் இரண்டு பாதை. மொத்தம் 16 ஜிபியும் ஆகும். நின்று நின்று ஓடுகிற பிரச்சினை இதிலேயே பல இடங்களில் தீர்ந்துவிடும். நான்கு இடமுள்ள மதர்போட்டில் புரொசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் பெரும்பாலான போட்டுகளில் இரட்டைப் பாதை கிடைக்காது.

அடுத்தது ராமின் வேகம். 3200 என்று பெட்டியில் எழுதியிருந்தாலும் பயோஸில் (மெஷின் தொடங்கும்போது போட்டை இயக்குகிற மென்பொருள்) எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பைப் போடும்வரை அது 2133 இலோ 2400 இலோ ஓடிக்கொண்டிருக்கலாம். டாஸ்க் மனேஜரில் மெமரி பக்கத்தில் இப்போதைய வேகம் தெரியும். ஏஎம்டி கம்பனியின் ரைசன் புரொசசர்களுக்கு ராமின் வேகம் நன்றாகவே எடுபடும். ஆனால் எச்410, பி460 போன்ற இன்டெல் போட்டுகளில் ஐ5-10400 போட்டால் 2666 இற்கு மேல் போகாது. அங்கே வேகமான ராம் வாங்குவதில் பயனில்லை.

கேம் இன்னும் ஹாட் டிஸ்க்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். புது இடத்துக்குள் நுழையும்போது மட்டும் படம் நிற்பது பெரும்பாலும் ஹாட் டிஸ்க்கால்தான்.

5. பின்னேரம் நல்லா ஓடுது, மத்தியானம்தான் லாக். ஏன் அப்பிடி?

சூடு. தகரக் கூரைக்குக் கீழே சித்திரை, வைகாசி மாத மத்தியானத்தில் அறையே கொதிக்கும். புரொசசர் தன் எல்லையை எட்டியதும் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கும். ரைசனுக்கு அந்த எல்லை 90 அல்லது 95 பாகை, இன்டெல்லுக்கு 100. ரைசன் 5 5600 உம் ஐ5-12400எஃப் உம் 4.4 கிகாஹேர்ட்ஸ் வரை போகக்கூடியவை. கேம் ஓடும்போது 90 பாகைக்கு மேல் காட்டி, வேகம் 3 இற்குக் கிட்ட இறங்கி நின்றால், உங்களிடம் இருக்கிற புரொசசரையே நீங்கள் முழுதாகப் பாவிக்கவில்லை.

கிரவல் வீதியோரத்து வீடுகளில், சோளகம் வீசுகிற மாதங்களில், கூலரின் அலுமினியத் தகடுகளுக்கிடையில் செம்புழுதி அப்பிப்போயிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஃபேனைக் கழற்றினால்தான் தெரியும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையாலும் காற்றாலும் எடுங்கள். பிடிக்காமல் காற்றடித்தால் ஃபேன் கண்டபடி சுழன்று அதன் பெயரிங் பழுதாகும். புரொசசருக்கும் கூலருக்கும் இடையில் பூசுகிற தெர்மல் பேஸ்ட்டும் மூன்று நான்கு வருடம் பழகினால் காய்ந்திருக்கும், அதையும் மாற்றுங்கள். இதைச் செய்தபின் இரண்டாவது பதிலில் உள்ள சோதனையைத் திரும்பச் செய்து பாருங்கள்.

6. புரொசசர்தான் எண்டு உறுதியாத் தெரியுது. எனக்கு எது பொருந்தும்?

அதைத் தீர்மானிப்பது மதர்போட். சிபியு-இசட் என்ற சிறிய மென்பொருளில் மெயின்போட் பக்கத்தைத் திறந்தால் போட்டின் பெயர், சிப்செட், பயோஸ் பதிப்பு மூன்றும் இருக்கும். அந்தப் பெயரை வைத்துப் போட் கம்பனியின் தளத்தில் அந்தப் போட்டுக்குரிய புரொசசர் பட்டியலைத் தேடுங்கள். எந்தப் புரொசசருக்கு எந்தப் பயோஸ் பதிப்பு வேண்டும் என்று அங்கே வரிவரியாகப் போட்டிருப்பார்கள். கடைக்காரரின் வாய்ச்சொல்லைவிட அந்தப் பட்டியலை நம்புங்கள்.

இன்டெல்லில் இடம் குறைவு. 6, 7 ஆம் தலைமுறைக்கும் 8, 9 ஆம் தலைமுறைக்கும் 1151 என்று ஒரே சொக்கெட் (போட்டில் புரொசசர் பொருந்துகிற இடம்) பெயர்தான். ஆனால் ஒன்றின் போட்டில் மற்றது வேலை செய்யாது. 10, 11 ஆம் தலைமுறைக்கு 1200. அதிலும் எச்410, பி460 போட்டுகளில் பெரும்பாலானவை 11 ஐ ஏற்காது. 12, 13, 14 ஆம் தலைமுறைகள் 1700 சொக்கெட்டில் வருகின்றன. அந்தப் போட் வைத்திருப்பவருக்கு ஐ3-12100எஃப் இலிருந்து ஏறுவதற்கு நல்ல வழி உண்டு.

ஏஎம்டியில் ஏஎம்4 என்ற சொக்கெட் உள்ள போட் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 2017 இல் வந்த முதலாவது ரைசன் போட்டிருந்த பி350 போட்டுகளில்கூட, 2022 இல் வந்த பயோஸ்களுக்குப் பிறகு 5000 வரிசைப் புரொசசர்கள் பல வேலை செய்கின்றன. ரைசன் 5 1600, 2600, ரைசன் 3 2200ஜி போன்றவற்றை வைத்திருப்பவர் போட்டையும் ராமையும் மாற்றாமல் புரொசசரை மட்டும் மாற்றினாலே வித்தியாசத்தைக் கண்ணால் காணலாம். புரொசசர் மட்டும் மாற்றுவது காசுக்குப் பெறுமதியான வேலை என்று நாங்கள் தயங்காமல் சொல்வது இந்த இடத்தில்தான்.

7. ஏஎம்4 இல 5500, 5600, 5600ஜி, 5700எக்ஸ்3டி எண்டெல்லாம் இருக்கு. எதை எடுக்கிறது?

பெயர்கள் கிட்டக் கிட்ட இருந்தாலும் உள்ளே வேறு. 5600 இல் 32 எம்பி எல்3 கேஷ் (புரொசசருக்குள்ளேயே இருக்கிற வேகமான சின்ன நினைவகம்) இருக்கிறது. 5500 இலும் 5600ஜி இலும் 16 எம்பிதான். கேம்களுக்குக் கேஷ் முக்கியம். அதனால் கோர் எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் 5600 முன்னுக்கு நிற்கும். 5500, 5600ஜி இரண்டும் கார்ட்டுடன் பிசிஐஇ என்ற இணைப்பின் பழைய பதிப்பான 3.0 இல்தான் பேசும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற, நாலு லேன் (தரவுப் பாதை) மட்டும் உள்ள கார்ட் வைத்திருந்தால் இதில் நன்றாக இழப்பீர்கள். ஆனால் பி450 போன்ற பழைய போட்டில் 5600 போட்டாலும் பிசிஐஇ 3.0 தான், அதை மறக்க வேண்டாம்.

5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி இரண்டிலும் 96 எம்பி கேஷ். நெரிசலான ஒன்லைன் கேம்களில் எஃப்பிஎஸ் திடீரென்று விழுவதைக் குறைப்பதில் ஏஎம்4 இல் இவற்றுக்கு இணையில்லை. ஆனால் இவற்றோடு கூலர் வராது, தனியாக வாங்க வேண்டும். 5800எக்ஸ்3டி 105 வாட்ஸ் வகை, அந்த வகைக்கு 142 வாட்ஸ் வரை இழுக்க அனுமதி உண்டு. மின்சாரப் பகுதிக்கு ஹீட்சிங்க் இல்லாத மலிவான ஏ320 போட்டில், எங்கள் வெயிலில், அதைப் போடச் சொல்லமாட்டோம். ஜிடிஎக்ஸ் 1650, ஆர்எக்ஸ் 6600 அளவான கார்ட் உள்ளவருக்கு 5600 காணும். மிச்சக் காசைக் கார்ட்டுக்குச் சேருங்கள்.

8. பாவிச்ச ஒபிஸ் கொம்பியூட்டர் ஒண்டு, ஐ5 மூண்டாம் தலைமுறை. அதில ஐ7 போட்டா காணுமோ?

காணாது. மூன்றாம் தலைமுறை ஐ7 இலும் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி இல்லை. அது இன்டெல்லில் 2013 இன் நான்காம் தலைமுறையோடுதான் வந்தது. அது இல்லாவிட்டால் புதிய கேம்கள் சில திறக்கவே திறக்காது. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல் 8 ஆம் தலைமுறைக்கும் ரைசன் 2000 வரிசைக்கும் கீழே உள்ளவற்றை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. பெயர்போன கம்பனிகளின் ஒபிஸ் மெஷின்களில் பவர் சப்ளையின் பிளக்கும் போட்டின் அளவும் அந்தந்தக் கம்பனிக்கே உரியதாக இருப்பது வழமை. போட்டை மட்டும் பிறகு மாற்றலாம் என்ற திட்டமும் சரிவராது.

ஜிடிஏ 5, பழைய கிரிக்கெட் கேம்கள், மைன்கிராஃப்ட் மட்டும்தான் என்றால், இருக்கிற ஐ5 உடன் இரண்டாவது ராமும் எஸ்எஸ்டியும் போட்டு ஓட்டுங்கள். மிச்சத்தைப் புதிய மெஷினுக்குச் சேருங்கள்.

9. என்ர மொனிட்டர் 60 ஹேர்ட்ஸ். புரொசசர் மாத்தினா வித்தியாசம் தெரியுமோ?

இப்போதே எந்த இடத்திலும் 60 இற்குக் கீழே விழாமல் ஓடுகிறது என்றால் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. அந்தத் திரை செக்கனுக்கு 60 படங்களுக்கு மேல் காட்டாது. சராசரி 80 ஆக இருந்து, சண்டை வரும்போது மட்டும் 35 இற்கு விழுகிறது என்றால் தெரியும். அதனால் சராசரியைப் பார்க்காமல் ரிவாட்யூனர் காட்டுகிற 1% குறைந்த எஃப்பிஎஸ்ஸை (ஆக மெதுவாக ஓடிய 1% படங்களின் எஃப்பிஎஸ்) பாருங்கள். 60 இல் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெக்கன். ஃபிரேம் நேரக் கோடு அதையொட்டிச் சமமாக ஓடினால் நல்லது. இடைக்கிடை 50, 60 என்று குத்தி எழும்பினால் அதுதான் நீங்கள் உணர்கிற நிறுத்தம்.

10. பொட்டில்நெக் கல்குலேட்டரில 27% எண்டு வருது. பயப்பட வேணுமோ?

வேண்டாம். அது, புரொசசரும் கார்ட்டும் ஒன்றையொன்று எவ்வளவு தடுக்கும் என்று பெயரை மட்டும் வைத்துக் கணக்குச் சொல்கிற இணையத்தளம். நீங்கள் எந்தக் கேம், எந்த ரெசலூஷன், எத்தனை ராம் என்று அதற்குத் தெரியாது. அதே மெஷினில் வலோரன்ட்டுக்குத் தடை புரொசசராகவும், கனமான ஒரு கதைக் கேமுக்குத் தடை கார்ட்டாகவும் இருக்கும். இரண்டாவது பதிலின் சோதனைதான் உங்கள் மெஷினைப் பற்றிப் பேசும்.

11. பெயருக்குப் பின்னால எஃப் இருக்கிறது மலிவா இருக்கு. வாங்கலாமோ?

தனிக் கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் தாராளமாக வாங்கலாம். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. கார்ட் இல்லாத மெஷினில் போட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். ஏஎம்4 இல் ஜி இல்லாத ரைசன்களும் இப்படித்தான். 2200ஜி, 3200ஜி போன்றவற்றைக் கார்ட் இல்லாமல் பாவிப்பவர்கள் 5600 வாங்கி வந்து, படம் வரவில்லை, போட் பழுது என்று நினைத்துவிடுகிறார்கள்.

12. பயோஸ் அப்டேட் செய்யேக்க கரண்ட் போனா என்ன நடக்கும்?

போட் எழும்பாமல் போகலாம். அதனால் இந்த வேலையை யூபிஎஸ் இல்லாமல் தொடவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் நாட்களிலும் வேண்டாம். யூபிஎஸ் பற்றரி பழையது என்றால், ஒருநாள் சுவிட்சை நிறுத்திப் பத்து நிமிடம் தாங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.

பழைய புரொசசர் போட்டிலிருக்கும்போதே அப்டேட்டை முடிக்க வேண்டும். கழற்றிவிட்டால், புதியதைப் பழைய பயோஸ் அடையாளம் காணாது, திரையும் வராது. போட்டின் சரியான பெயரையும் ரிவிஷன் எண்ணையும் பார்த்து, அதே கோப்பை இறக்கி, விரித்து, எஃப்ஏடி32 ஆக ஃபோர்மட் செய்த பென் டிரைவில் போடுங்கள். பயோஸுக்குள் போய், அங்கே இருக்கிற கியூ-ஃபிளாஷ், எம்-ஃபிளாஷ், ஈசி ஃபிளாஷ் போன்ற கருவியால் ஏற்றுங்கள். விண்டோஸுக்குள்ளிருந்து ஏற்ற வேண்டாம். சில பழைய போட்டுகளில் இடைப்பட்ட ஒரு பதிப்பை முதலில் ஏற்றச் சொல்லியிருப்பார்கள். இறக்குகிற பக்கத்தில் உள்ள குறிப்பை வாசியுங்கள். பின்னால் பயோஸ் ஃபிளாஷ்பாக் பட்டன் உள்ள போட் என்றால், அப்டேட் பிழைத்தாலும் மீட்க வழியுண்டு.

13. புரொசசரை வீட்டிலேயே மாத்தலாமோ? ஆக்கள் பயப்படுத்தினம்.

மாற்றலாம். ஏஎம்4 இல் பயப்பட வேண்டிய கட்டம் ஒன்றே ஒன்றுதான்: கூலரைத் தூக்குவது. ஏஎம்4 இல் ஊசிகள் புரொசசரின் அடியில் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட் கூலரையும் புரொசசரையும் ஒட்டிவிடும். நேரே இழுத்தால், சொக்கெட் நெம்பு பூட்டியிருக்கும்போதே புரொசசர் கூலரோடு பிடுங்குண்டு வரும், ஊசிகள் வளையும். இதைத் தவிர்க்க, கழற்ற முதல் பத்துப் பதினைந்து நிமிடம் கேம் ஓட்டிப் பேஸ்ட்டை இளக்குங்கள். பிறகு மெஷினை நிறுத்தி, வயரைக் கழற்றி, திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கூலரை இடதும் வலதுமாக மெல்லத் திருக்குங்கள். பிடி விட்டுச் சுழலத் தொடங்கியபின் தூக்குங்கள்.

நெம்பை முழுதாக உயர்த்தி, பழையதை எடுத்து, புதியதன் மூலையிலுள்ள தங்க முக்கோணத்தைச் சொக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்துங்கள். தன் பாரத்திலேயே அது உள்ளே இறங்க வேண்டும். அமத்த வேண்டி வந்தால் ஏதோ பிழை, எடுத்துப் பாருங்கள். கூலரின் அடியைப் பஞ்சாலும் ஐசோபுரோப்பைல் அல்கஹோலாலும் துடைத்து, புரொசசரின் நடுவில் பாதிக் கடலை அளவு பேஸ்ட் வையுங்கள். கூலரில் ஏற்கெனவே பேஸ்ட் பூசி வந்திருந்தால் இன்னும் வைக்க வேண்டாம். ஃபேன் வயரைச் சிபியு ஃபேன் என்று எழுதிய ஊசியில் கொழுவ மறக்காதீர்கள்.

இன்டெல்லிலும், ஏஎம்4 இற்கு அடுத்து வந்த ஏஎம்5 இலும் ஊசிகள் சொக்கெட்டில் இருக்கின்றன. அங்கே புரொசசர் ஒட்டிவராது. ஆனால் சொக்கெட்டுக்குள் விரலோ துணியோ படக்கூடாது. அந்த ஊசிகள் வளைந்தால் போட் போனதுபோல்தான்.

14. பவர் சப்ளையும் யூபிஎஸ்ஸும் தாங்குமோ?

65 வாட்ஸ் வகையிலிருந்து 65 வாட்ஸ் வகைக்கு மாறினால், பிரான்ட் உள்ள 450 வாட்ஸ் பவர் சப்ளை ஆர்எக்ஸ் 6600 ஐயும் சேர்த்துத் தாங்கும். அந்தக் கார்ட் 132 வாட்ஸ். கேசோடு சும்மா வருகிற பெயரில்லாத பவர் சப்ளைகளை நம்ப வேண்டாம். ஐ5-12400எஃப் கொஞ்ச நேரத்துக்கு 117 வாட்ஸ் வரை போகும். ஆர்டிஎக்ஸ் 3060 இற்கு 170 வேண்டும். இதைக் கூட்டிப் பாருங்கள்.

650 விஏ யூபிஎஸ் என்றால் 650 வாட்ஸ் இல்லை. பெரும்பாலும் 360 வாட்ஸ் அளவுதான். மொனிட்டரையும் சேர்த்துக் கேம் ஓடும்போது அதைத் தாண்டினால், கரண்ட் போன அந்தச் செக்கனிலேயே மெஷினும் நிற்கும். புதிய புரொசசர் போட்ட பிறகு யூபிஎஸ் பழுதாகிவிட்டது என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான். யூபிஎஸ்ஸின் பின்னால் எழுதியிருக்கிற வாட்ஸைப் பாருங்கள்.

15. விண்டோஸைத் திரும்பப் போட வேணுமோ?

அதே போட் என்றால் தேவையில்லை. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ரைசன் மெஷின்களில் எஃப்டிபிஎம் என்ற, பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கிற பகுதி புரொசசரோடு தொடர்புடையது. புதியதைப் போட்டதும் அதை ரீசெட் செய்யவா என்று திரையில் கேட்கும். பிட்லொக்கர் (டிரைவைப் பூட்டிவைக்கிற விண்டோஸ் வசதி) ஓடிக்கொண்டிருந்து, மீட்புச் சாவி கையில் இல்லாமல் ஆம் என்று சொன்னால், டிரைவிலுள்ள எல்லாம் பூட்டப்பட்டுவிடும். ஆகவே பயோஸ் அப்டேட்டுக்கும் முதலே பிட்லொக்கர் ஓடுகிறதா என்று பார்த்து, மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதிவைத்து, பிட்லொக்கரை நிறுத்திவிடுங்கள். வேலை முடிந்ததும் பயோஸில் டிபிஎம்மும் செக்கியுர் பூட் (Secure Boot) என்பதும் இயங்குகின்றனவா பாருங்கள்; விண்டோஸ் 11 இல் வலோரன்ட் இரண்டையும் கேட்கும்.

16. மாத்தினன், ஆனா எஃப்பிஎஸ் கூடேல்ல. சிலதில குறைஞ்சும் போச்சு.

பயோஸ் அப்டேட்டோடு எக்ஸ்எம்பி அழிந்து, ராம் திரும்ப 2133 இற்கு வந்திருக்கும். முதலில் அதைப் பாருங்கள். அடுத்து வெப்பம்: கூலரின் ஒரு மூலை சரியாக இறுகாமல் இருந்தால், கேம் தொடங்கி ஒரு நிமிடத்திலேயே 90 ஐத் தொடும். மூன்றாவது, மொனிட்டர் கேபிள் போட்டில் கொழுவியிருக்கிறதா, கார்ட்டிலா என்று பாருங்கள். கழற்றிப் பூட்டிய அவசரத்தில் மாறிவிடும். இவை எல்லாம் சரி என்றால், கார்ட்டின் பாவனை இப்போது 99% ஆகியிருக்கும். புரொசசரின் தடை நீங்கி, கார்ட்டின் எல்லைக்கு வந்துவிட்டீர்கள். கிராபிக்ஸ் செட்டிங்ஸில் நிழலையும் எதிரொளிப்பையும் ஒரு படி குறைத்துப் பாருங்கள்.

17. பாவிச்ச புரொசசர் வாங்கலாமோ?

புரொசசர் இலேசில் பழுதாகாத பொருள், அதனால் வாங்கலாம். ஏஎம்4 என்றால் ஊசிகளை வெளிச்சத்தில் சரிவாகப் பிடித்து, வரிசை வரிசையாகப் பாருங்கள். ஒன்று சாய்ந்திருந்தாலும் வரிசை உடைந்து தெரியும். ஓடுகிற மெஷினில் சிபியு-இசட் திறந்து பெயரை உறுதிசெய்து, அரை மணி நேரமாவது கேம் ஓட்டிப் பார்த்த பிறகு காசு கொடுங்கள். பஸ்ஸில் அனுப்பச் சொல்லி வாங்குவதென்றால், ஊசி வளைந்திருந்தால் திருப்பி எடுப்பதாக எழுத்தில் வாங்குங்கள்.

இன்டெல் 13, 14 ஆம் தலைமுறையின் ஐ7, ஐ9, பெயருக்குப் பின்னால் கே உள்ள ஐ5 பாவிச்சது என்றால் தயங்குங்கள். அவற்றில் கூடுதலான வோல்டேஜால் புரொசசர் நிரந்தரமாகச் சேதமாகிற பிரச்சினை இருந்தது. இன்டெல் 2024 ஓகஸ்ட்டிலிருந்து பயோஸ் வழியாகத் திருத்தம் கொடுத்தது; ஆனால் அதற்கு முன் ஏற்பட்ட சேதத்தை அந்தத் திருத்தம் மாற்றாது. கேம் திறக்கும்போது வீடியோ மெமரி போதாது என்ற பிழைச் செய்தியோடு அடிக்கடி மூடுவது அதன் அடையாளங்களில் ஒன்று.

18. எல்லாத்தையும் விட்டிட்டு நேர ஏஎம்5 இற்குப் போனா என்ன?

அதற்குப் புரொசசர், போட், டிடிஆர்5 ராம் மூன்றும் வேண்டும். பழைய டிடிஆர்4 ராம் ஏஎம்5 இல் பொருந்தாது. இன்டெல் 6, 7 ஆம் தலைமுறையோ அதற்கும் பழையதோ வைத்திருப்பவர் பெரிதாக ஏற வேண்டுமானால் எப்படியும் போட்டை மாற்றத்தான் வேண்டும். அவருக்கு இது நியாயம், ஏனென்றால் பிறகு அதே போட்டில் இன்னொரு புரொசசர் மாற்ற இடமிருக்கும். ஏஎம்4 போட்டும் 16 ஜிபி ராமும் கையில் உள்ளவர் அவசரப்பட வேண்டாம். 5600 இற்கும் ஏஎம்5 முழுத்தொகுதிக்கும் கடையில் ஒரே நாளில் விலை கேட்டு, வித்தியாசத்தை எழுதிப் பாருங்கள். அந்த வித்தியாசத்துக்கு இப்போதைய கார்ட்டைவிட ஒரு படி மேலான கார்ட் வருமானால், 5600 உம் அந்தக் கார்ட்டும்தான் உங்கள் திரையில் கூடுதலாகத் தெரியும்.